கமலவேணி வைத்த மொய்

அறிவழகன் ஒரு எழுத்தாளன் என்பது கீழப்பழுவூரில் யாருக்கும் தெரியாது. அது தெரிந்தவர்களுக்கோ அவன் அறிவழகன் என்பது தெரியாது. இப்படி இரண்டு பக்கமும் தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் காலம் தள்ள முடியும் என்று கேட்டால், அவன் இரண்டு வருஷம் தள்ளிவிட்டான். அதுவும் சந்தோஷமாக.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் புகை விட்டுக்கொண்டிருந்தும் ஒன்றிலும் நிரந்தர வேலை கிடைக்காத பிள்ளைகளில் ஒருவன். கடைசியில் அரியலூருக்கு வெளியே, லாரிகள் போகிற சாலையில், ஒரு தனியார் எடைமேடையில் போய் உட்கார்ந்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். கம்ப்யூட்டரில் எடை விழும். சீட்டை அடித்து ஜன்னல் வழியே நீட்ட வேண்டும். ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறும் வரை கிடைக்கிற நேரத்தில் அவன் செல்போனில் கதை எழுதினான். ஹாரன் அடித்தால் இலக்கியத்தை நிறுத்திவிட்டு எடை போடுவான்.

எழுதியதைப் போடுவதற்கு ஓர் இடம் இருந்தது. அதன் பெயர் 'கிறுக்கல் கொட்டகை'. முப்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கதையும் கவிதையும் எழுதிப் போட்டு ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் இணையக் குழு. அதை நடத்துகிறவர் பெயர் ஆண்டவர். மேலே இருப்பவர் இல்லை, உடையார்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் இளைஞர். வீட்டில் வைத்த பெயரே அதுதான். குழுவில் யாராவது சண்டை போட்டால், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதுவார்கள். அவரும் உடனே வந்து பார்த்துக்கொள்வார். அந்த வகையில் மேலே இருப்பவரைவிடச் சுறுசுறுப்பு.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கதைக்கு எழுதுகிற கருத்தை அங்கே 'மொய்' என்பார்கள். காசு பணம் கிடையாது, எல்லாம் வார்த்தைதான். ஆனால் முறை ஊர் முறை. எனக்கு நீ வைத்தால் உனக்கு நான் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், 'இன்னார் உங்களுக்கு மொய் வைத்திருக்கிறார், நீங்கள் இன்னும் திருப்பி வைக்கவில்லை' என்று போனில் வந்து இடித்துக் காட்டும். அப்படி ஓர் ஏற்பாட்டை ஆண்டவரே உட்கார்ந்து செய்து வைத்திருந்தார். அப்போதும் வைக்காதவன் கதையை அடுத்த மாதம் நாய்கூடச் சீந்தாது.

அறிவழகன் அங்கே கமலவேணி என்ற பெயரில் இருந்தான். கமலவேணி அவனுடைய அம்மா. கணக்குத் தொடங்கிய நாளில் போனும் சிம்மும் அம்மா பேரில்தான் இருந்தன. பெயர் கேட்ட இடத்தில் அதுவே தானாக வந்து நின்றது. மாற்றியிருக்கலாம். ஆனால் தன் பெயரைப் போட்டு, நாளைக்கு ஒரு லாரி டிரைவர் படித்துவிட்டு, "என்ன எழுத்தாளரே, எட கரெக்டா இருக்கா?" என்று கேட்டால் என்ன செய்வது என்ற கூச்சம். பெண் பெயராக இருந்தால் மொய் கூட விழும் என்ற நப்பாசையும் கொஞ்சம் உண்டு. கூச்சத்தையும் ஆசையையும் ஒன்றாகச் சேர்த்தால் பெரும்பாலும் பொய்தான் கிடைக்கும். அப்படியே விட்டுவிட்டான்.

மொய் விழத்தான் செய்தது. 'வெள்ளைப் புழுதி' என்று ஒரு தொடர்கதை எழுதினான். மலர்கொடி என்கிற பெண் சுண்ணாம்புக் குவாரியின் கரையில் நின்று அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்பது எழுதுகிறவனுக்கே இன்னும் தெரியாது. ஆனால் அத்தியாயம் போட்ட அன்று சாயங்காலத்துக்குள் ஐம்பது அறுபது மொய். 'அருமை அக்கா', 'வேற லெவல் அக்கா', 'கண் கலங்கிவிட்டது'. எடைமேடை அறைக்குள் மின்விசிறி சுற்றாத மதியங்களில் அவன் அதைத்தான் படித்துக் குளிர்ந்துகொண்டிருந்தான்.

பதிலுக்கு அவன் ஒருவருக்கும் மொய் வைத்ததில்லை. அடுத்தவன் கதையைத் திறந்ததே இல்லை. முதலில் பயமாக இருந்தது, திட்டுவார்கள் என்று. இடித்துக் காட்டுகிற செய்திகள் வந்து குமியும் என்று அஞ்சி, தன் போனில் அந்த அறிவிப்புகளையே நிறுத்தி வைத்தான். ஆனால் மாதங்கள் போயும் யாரும் கோபப்படவில்லை. மொய் குறையவும் இல்லை, கூடத்தான் செய்தது. வேறு யாராயிருந்தாலும் இதில் ஏதோ இடிக்கிறதே என்று யோசித்திருப்பார்கள். அறிவழகனும் யோசித்தான். 'நம்ம எழுத்து அப்படி' என்று முடிவுக்கு வந்தான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டும். தன் வீட்டுக் கேழ்வரகு என்றால் எவனுக்கு மதி இருக்கிறது?

குழப்பங்கள் அதற்குப் பிறகும் வந்தன. ஒரு நாள் ஒரு பெண் தனிச்செய்தி அனுப்பியிருந்தாள்: 'அக்கா, நீங்க சொன்ன மாதிரியே அப்பாகிட்ட பேசிட்டேன். படிக்க விட்டுட்டார். நீங்க நல்லா இருக்கணும்.' தான் எப்போது யாருக்கு என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. மலர்கொடியின் அழுகையில் அந்தப் பெண் ஏதோ செய்தி கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நினைத்து, கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினான். இன்னொரு பக்கம், கொட்டகைப் பிள்ளைகள் பேச்சுக்குப் பேச்சு 'சாப்பிட்டியா தங்கம்' என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். கவிதை போட்டால் சாப்பிட்டியா தங்கம். சண்டை போட்டாலும் கடைசியில் சாப்பிட்டியா தங்கம். எங்கிருந்து கிளம்பியது இது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏதோ புதுப் படத்து வசனம் போல என்று விட்டுவிட்டான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் ஆறாவது அத்தியாயத்தில் வந்தது. அன்று லாரிக் கூட்டம். அவசரத்தில் ஆறாவதைப் போடுவதற்குப் பதிலாக ஐந்தாவதையே மறுபடி போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்துதான் கவனித்தான். திறந்து பார்த்தால் வழக்கமான மொய். 'அருமை அக்கா', 'கதை வேகம் எடுக்குது', 'இந்தத் திருப்பத்தை எதிர்பார்க்கவே இல்லை'. போன வாரம் படித்த அதே அத்தியாயத்தில் என்ன திருப்பம்? அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனாலும் காரணத்தைத் தேடப் போகவில்லை. சில கதவுகளைத் தட்டாமல் இருப்பது நல்லது என்று மனசுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் ஆண்டவர் அறிவித்தார். பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் ஒரு டியூஷன் சென்டரில், ஞாயிற்றுக்கிழமை கொட்டகையின் முதல் நேர்ச் சந்திப்பு. அங்கே கமலவேணிக்குப் பொன்னாடை. கமலவேணியின் எழுத்தைத் தொகுத்துச் சிறு புத்தகம் ஒன்றும் வெளியிடுகிறார்கள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது ரகசியமாக இருக்கட்டும், நேரில் பார்க்கட்டும்.

அறிவழகனுக்குக் கை கால் ஓடவில்லை. புத்தகம்! அச்சில்! ஆனால் போய் நின்றால் மீசையோடு நிற்க வேண்டும். கமலவேணி எங்கே என்பார்கள். நான்தான் என்றால் போலிக் கணக்கு என்று அடித்துத் துரத்தலாம். போகாமல் இருந்தால், எடை போடுகிற இந்த வாழ்க்கையில் அவனுக்கென்று வந்த ஒரே பெருமை கைநழுவிப் போகும். இரண்டு நாள் லாரிச் சீட்டுகளைத் தப்புத் தப்பாக அடித்தான். கடைசியில் போவதென்று முடிவு செய்தான்.

ஞாயிறு காலை அயர்ன் செய்த சட்டையோடு கிளம்பியபோது அம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அப்பா சிங்காரவேலு சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், கேரளா பக்கம் போயிருந்தார்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"பெரம்பலூர் வரைக்கும்மா. ஒரு சோலி."

கமலவேணி அவனையே பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் போல வாயெடுத்தார். இவனாகச் சொல்லுவானா என்று காத்திருந்தது போலத்தான் இருந்தது.

"தனியாவா போற?" என்றார்.

"ஆமாம்மா. வேற யாரு வருவா?"

"சரி, சரி. நேரத்தோட வந்துரு."

அரியலூர் போய் பஸ் மாறி, பெரம்பலூரில் இறங்கி மாடியேறினான். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சமோசா எண்ணெய் வாசனை. ஆண்டவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் மைக்கோடு நின்றார். அறிவழகன் அவர் காதோரம் போய், "சார், நான்தாங்க கமலவேணி" என்றான்.

ஆண்டவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓங்கிச் சிரித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நம்ம கொட்டகையில பாதிப் பேரு வேற பேருலதான் இருக்காங்க. நீங்களா அது! வாங்க, வாங்க!"

இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. இரண்டு நாள் பயந்ததெல்லாம் வீண். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா... ச்சே, அண்ணா!" என்று ஒருத்தன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எடைமேடையில் டிரைவர்களிடம் வசவு வாங்கிய கை அது.

அனிதா என்று ஒரு பெண். பெரம்பலூரில் ஜவுளிக் கடை ஒன்றில் பில் போடுகிறவள், பேய்க்கதை எழுதுகிறவள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, என் கதையில வர்ற ரத்தக் காட்டேரிக்கு நீங்க வச்ச மொய்ய நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். 'அந்தப் புள்ள ராத்திரி ராத்திரி ஏன் சுத்துது, அதுக்குச் சொந்தபந்தம் ஒருத்தரும் இல்லியா, மொதல்ல ஒரு எலுமிச்சம்பழத்த சுத்திப் போடச் சொல்லு'ன்னு எழுதியிருந்தீங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. அப்பறம்தான் நெனச்சேன், அட, காட்டேரிக்குன்னு ஒரு குடும்பம் வேணும்ல? அதுக்கப்பறந்தான் கதையே நகந்துச்சு."

"நானா?" என்றான் அறிவழகன்.

"பின்ன யாரு? உங்க மொய்க்காகத்தான் நாங்க பாதிப் பேரு எழுதுறதே. உங்க கதைக்கு அடிச்சுப் புடிச்சு மொய் வைக்கிறது எதுக்குன்னு நெனச்சீங்க? வச்சாத்தான திருப்பி வைப்பீங்க!" அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள், "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. உங்க தொடர்கதைய நான் படிச்சதில்ல. 'அருமை'ன்னு போட்டுட்டு ஓடி வந்துருவேன்."

அவளைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒருத்தர்கூட மறுக்கவில்லை. நானும்தான், நானும்தான் என்று தலையாட்டினார்கள். அறிவழகனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் மொய்யே வைத்ததில்லையே, யார் வைத்தது? கணக்கை யாராவது திருடிவிட்டார்களா? திருடுகிறவன் கடவுச்சொல்லைத் திருடி வந்து, காட்டேரிக்கு எலுமிச்சம்பழம் சுற்றச் சொல்லுவானா?

அதற்குள் மைக்கில் பெயர் கூப்பிட்டாகிவிட்டது. ஆண்டவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அட்டையில் கொட்டை எழுத்தில் 'கமலவேணி வைத்த மொய்'. வெள்ளைப் புழுதியும் இல்லை, மலர்கொடியும் இல்லை. முழுக்க முழுக்க, இரண்டு வருஷமாக அடுத்தவர் கதைகளுக்குக் கீழே கமலவேணி எழுதிய வார்த்தைகள். பொன்னாடை தோளில் விழுந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நன்றி, எல்லாருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். எவ்வளவு அடக்கம் என்று யாரோ சொன்னார்கள்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துதான் புத்தகத்தைத் திறந்தான். ஒவ்வொரு மொய்யின் முடிவிலும் 'சாப்பிட்டியா தங்கம்' என்று இருந்தது. நாலைந்து பக்கம் புரட்டினான். காதல் தோல்வியில் ஊரைவிட்டுப் போகிற கதாநாயகனுக்கு ஒரு மொய்: 'போறவன் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான்னு எழுதியிருக்க. மாத்து வேட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டானா? எங்க வூட்டுல ஒருத்தரு இப்படித்தான் கோவிச்சுக்கிட்டு லாரி ஏறிப் போயிட்டு, மாத்து வேட்டிக்குன்னு மூணா நாளு திரும்பி வந்தாரு. கோவம் போயிருச்சு, வேட்டி நெனப்பு போவல.'

அறிவழகன் புத்தகத்தை மூடினான். அது அப்பா. அந்தக் கதையை உலகத்தில் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு.

கணக்குத் தொடங்கிய சில வாரங்களிலேயே புதுப் போன் வாங்கியபோது பழைய போனை அம்மாவிடம் கொடுத்திருந்தான். கண்ணாடி கீறல் விட்ட போன். கொட்டகைக் கணக்கு அதிலும் அப்படியே திறந்து கிடந்தது. அறிவிப்பை நிறுத்தியது இவன் போனில்தான், அதில் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில், ஏரிக்கரை மரத்தடியில் மற்றவர்கள் வெற்றிலை போடும்போது, அம்மா போனை வாயருகில் பிடித்து என்னவோ பேசிக்கொண்டிருப்பார். சித்தி ஜெயலட்சுமியோடு பேசுகிறார் என்று நினைத்திருந்தான். எட்டாவது வரை படித்தவருக்கு விரலால் அடிக்க வராது. வாயால் சொன்னால் போனே எழுதிவிடும்.

கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. உடனே அந்தப் பெருமைமீதே பொறாமை வந்தது. நான் எழுத்தாளனா இல்லையா? இல்லையென்றால் இரண்டு வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "தம்பிக்குக் கல்யாணமா? சால்வையெல்லாம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அவசரமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார், "பந்தியெல்லாம் நல்லா இருந்துச்சா?"

போனை அவன் பக்கம் திருப்பினார். பெரம்பலூர் மாடியில் எடுத்த படங்கள் குழுவில் வந்திருந்தன. தோளில் பொன்னாடையோடு அறிவழகன். பக்கத்தில் புத்தகம். புத்தகத்தின் மேல் அவருடைய பெயர்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எதடா சொல்லல? என் பேரச் சொல்லி, மொய் வச்சிருக்காங்க, நீங்க திருப்பி வைக்கலன்னு தெனைக்கும் வந்து நிக்கிது. காசா பணமா, வார்த்ததான? நாலு புள்ளைங்க நம்ம வூட்டுக்கு நல்ல வார்த்த வச்சா, படிச்சுப் பாத்துத் திருப்பி வைக்கிறதுதான மொற? நீ கத எழுதுற, நான் மொய் எழுதுறேன். குடும்பம்னா அப்படித்தான? ஒனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"ஏன், அவுங்க கதையெல்லாம் நீ படிக்கிறதில்லியா?"

"என் கதையப் படிச்சியா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளை போலத்தான் கேட்டான்.

"படிக்காம? அஞ்சாவதும் ஆறாவதும் ஒண்ணுபோலவே இருந்துச்சு. ஏதோ காரணமாத்தான் ரெண்டு தடவ போட்டிருப்பன்னு ரெண்டு தடவையும் படிச்சேன். ஒனக்கு மொய் வைக்கத்தான் முடியல. வூட்டு ஆளுக்கு வூட்டுப் பேருலயே மொய் வச்சா ஊரு சிரிக்காதா?"

அறிவழகனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அத்தியாயத்தைக் கவனித்த ஒரே வாசகர் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். பொன்னாடையை எடுத்து அம்மாவின் தோளில் போர்த்தினான். "இது ஒனக்கு வந்ததும்மா. நான் தப்புப் பண்ணிட்டேன்."

கமலவேணி அதைக் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்தார். "போவட்டும் வுடு. கை கால கழுவிட்டு வா" என்றார். அவ்வளவுதான். அவன் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

மறுநாள் எடைமேடையிலிருந்து கொட்டகைக்கு எல்லாவற்றையும் எழுதினான். நான் கமலவேணி இல்லை, கமலவேணி என் அம்மா, அவருக்கு முப்பது வயது எப்போதோ தாண்டிவிட்டது, மொய் அவருடையது, கதை மட்டும்தான் என்னுடையது. இரண்டு பேரையும் தூக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தான். கொட்டகை ரெண்டுபட்டது. விதி விதிதான் என்று சிலர். விதியைத் தூக்கிக் குப்பையில் போடு என்று அனிதா. கடைசியில் ஆண்டவர் தீர்ப்புச் சொன்னார்: முப்பது வயதுக்கு மேல் கதை எழுதத்தான் தடை, மொய் வைக்க வயது வரம்பு எங்கேயும் எழுதவில்லை. கமலவேணி அம்மா அப்படியே இருக்கட்டும். அறிவழகன் தன் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கி முதலிலிருந்து வரட்டும்.

தொடங்கினான். வெள்ளைப் புழுதியை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒரு கதை எழுதினான். இந்த முறை அவனுக்குத் தெரிந்த விஷயம். அம்மாவுக்கு வந்த மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறான் ஒருவன். அந்த அம்மா தெய்வம். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. சிரித்த முகத்தோடு மாலையை மடித்து வைத்துவிட்டு மகனுக்குச் சோறு போடுகிறாள். எழுதும்போது அவனே அழுதான். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது.

சொந்தப் பெயரில் போட்டான். ஆண்டவர் 'வருக' என்றார். அனிதா ஒரு பூ படம் போட்டாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை, அடுத்த நாள் மதியம் வரை, வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அறுபது மொய் வாங்கிப் பழகியவன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைத் திறந்து மூடினான். இதுதான் என் அசல் எடை போல என்று நினைத்துக்கொண்டான். எழுதுவதையே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டு, மேடையில் நின்ற லாரிக்குச் சீட்டு அடித்தான்.

சீட்டை நீட்டும்போது, புதுக் கணக்கில் நிறுத்தாமல் விட்டிருந்த அறிவிப்பு ஒலித்தது. கமலவேணி மொய் வைத்திருந்தார். ஊரார் பார்க்கிற இடம் என்பதால் மகனையும் மரியாதையாகத்தான் விளித்திருந்தார்.

'அறிவழகன் அவர்களுக்கு. உங்க கதைய ஏரிக்கரையில உக்காந்து மூணு தடவ படிச்சேன். மத்ததெல்லாம் சரி. அந்த அம்மாவத்தான் என்னால நம்ப முடியல. அவுங்க பேரச் சொல்லி ஊரே கூப்புட்டிருக்கு. பெத்த புள்ள ஒரு வார்த்த கேக்காம, அவுங்கள வூட்டுலயே வுட்டுட்டு, தான் மட்டும் சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிப் போறான். அவுங்களுக்குக் கோவமே வரலன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா? கேட்டுப்புட்டு எழுதுங்க. சாப்பிட்டியா தங்கம்.'

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். "ஏங்க, எட போடுவீங்களா மாட்டீங்களா?" அறிவழகன் போட்டான். என்ன எடை விழுந்தது என்று பார்க்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கமலவேணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒனக்குக் கோவமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கணீரென்று வந்தது.

"பின்ன இல்லியாடா? அன்னிக்குக் காலையில பொட்டியத் தொறந்து பட்டுச்சேலைய எடுத்து வச்சுட்டு ஒக்காந்திருந்தேன். ஒன் கதைக்குத்தான் கூப்புடுறாங்கன்னுதான் நானும் நெனச்சேன். ஆனாலும் பேரு என் பேரு. வாம்மா, நீயும் வந்து பாருன்னு கூப்புடுவன்னு பாத்திரம் தொலக்குற மாதிரி வாசல்லயே நின்னேன். வேற யாரு வருவான்னு கேட்டுட்டுப் போயிட்டியேடா."